சுவரைப் பார்த்த நாற்காலிகள்

கடன் முப்பத்தெட்டாயிரத்து நானூற்று ஐம்பது. மனைவியின் ஆஸ்பத்திரிச் செலவுக்காகப் பிஸ்கட் கம்பெனியின் தொழிலாளர் நிதியிலிருந்து யானை என்கிறவன் வாங்கியது. பணம் போன வழிக்குக் கணக்கு இருந்தது. ஆஸ்பத்திரிக்குப் போனவள்தான் திரும்பி வரவில்லை.

யானை என்பது கூட வேலை செய்கிறவர்கள் வைத்த பேர். மாவு லாரி வந்து நின்றால் முதல் மூட்டை அவன் முதுகில்தான் இறங்கும். மூட்டைக்கு ஏற்ற உடம்பு, உடம்புக்கு ஏற்ற சாப்பாடு. கேன்டீனில் அவன் தட்டோடு வருவதைப் பார்த்தால் பரிமாறுகிறவன் கரண்டியை வைத்துவிட்டுப் பாத்திரத்தையே தூக்குவான். வீட்டிலோ மனைவி எதிரே உட்கார்ந்து பேச ஆரம்பிப்பாள். குழாயடிச் சண்டை, மாடிவீட்டுக்காரன் வாங்கிய புது ஸ்கூட்டர், அது முதல் நாளே சாக்கடையில் இறங்கிய கதை. அவள் பேச்சு முடிகிற வரைக்கும் இவன் சாப்பிடுவான். அவள் பேச்சு லேசில் முடியாது.

அவள் போன பிறகு சாப்பாடு இறங்கவில்லை. வாயில் போட்டால் மென்றுகொண்டே இருந்தான். எப்போது விழுங்குவது என்பது மறந்துபோன மாதிரி இருந்தது. கேன்டீனில் ஒரு மூலைக்குப் போய், சுவரைப் பார்க்க நாற்காலியைப் போட்டுக்கொண்டு, நாலு வாய் தின்றுவிட்டு எழுந்துவிடுவான்.

முதலில் எல்லோரும் விசாரித்தார்கள். பிறகு, பேச்செடுத்தால் ஆள் உடைந்துவிடுவான் என்று விட்டுவிட்டார்கள். மகளும் அப்படித்தான். மருந்துக் கடையில் வேலை பார்க்கிற பெண். தான் அழுதால் அப்பா அழுவார் என்று அவளும், தான் அழுதால் மகள் அழுவாள் என்று இவனுமாக, வீட்டில் இரண்டு பேரும் மழையைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் பேசிக்கொண்டார்கள்.

இறந்தவளைப் பற்றி வாய்விட்டுப் பேசியது ஒரே ஒருவன்தான். சம்பள ஜன்னலில் உட்காருகிற கேஷியர். அவனுக்கு எதையும் சத்தம் போட்டுச் சொல்லித்தான் எண்ண வரும்.

"வீட்டம்மா வைத்தியக் கணக்கு, ஆயிரத்தி இருநூறு பிடிச்சிருக்குண்ணே. மிச்சம் இந்தாங்க."

யானை வேண்டுமென்றே வரிசையில் கடைசியாகப் போய் நிற்பான். பின்னால் யாரும் தள்ளாமல் அந்த ஒரு வாக்கியத்தை முழுசாகக் கேட்டுக்கொண்டு வீட்டுக்குப் போவான். ஆயிரத்து இருநூறு பிடிக்கிற மாதமெல்லாம் அவளுக்கு இன்னும் வைத்தியம் நடந்துகொண்டிருப்பதுபோல அவனுக்கு இருந்தது. அந்தக் கடனைத் தானே தூக்கி, தானே இறக்கிவைக்க வேண்டும். அவனுக்கு வேறு ஆசை ஒன்றும் மிச்சமில்லை.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனிக்கு மனசு டாக்டர் வந்து சேர்ந்தார்.

கம்பெனிக்கு இரண்டு கவலை இருந்தது. வெளியே இருக்கிற ஜனங்கள் பிஸ்கட்டைப் போதுமான அளவு தின்பதில்லை. உள்ளே இருக்கிற தொழிலாளர்கள் சாப்பாட்டைத் தேவைக்கு மேல் தின்கிறார்கள். மனிதனின் பழக்கங்களைப் படித்தவர் என்பதால், சிக்கனமாக, இரண்டுக்கும் சேர்த்து இவர் ஒருவரையே வைத்துக்கொண்டார்கள். காலையில் மேல்மாடியில் விற்பனைக்காரர்களுக்கு வகுப்பு எடுப்பார். பொட்டலம் பிரிக்கும்போது சரசரக்க வேண்டும், அந்தச் சத்தத்துக்கே எச்சில் ஊற வேண்டும். எப்போதாவது ஒரு பொட்டலத்தில் பரிசுச் சீட்டு இருக்க வேண்டும், எதில் என்று தெரியவே கூடாது, தெரியாதவரைக்கும் கை நிற்காது. மத்தியானம் கீழே இறங்கி வந்து, கை எப்படி நிற்க வேண்டும் என்று தொழிலாளர்களுக்குச் சொல்லிக்கொடுப்பார்.

முதல் கூட்டத்தில் அவர் பேசினார்:

"அன்பர்களே, பசி என்பது வயிற்றில் இல்லை. அது வெறும் பழக்கம். முதலில் ஒரு தூண்டுதல், பிறகு ஒரு செயல், முடிவில் ஒரு வெகுமதி. மணி அடிக்கிறது, அது தூண்டுதல். வருகிறீர்கள், உண்கிறீர்கள், அது செயல். மனம் நிறைகிறது, அது வெகுமதி. இந்த மனநிறைவைத்தான் நாம் படிப்படியாக ஒழிக்கப் போகிறோம்."

யானையின் கூட்டாளி ரேடியோ எழுந்தான். காலையில் வாய் திறந்தால் சங்கு ஊதும்வரை மூடாத ஆள் என்பதால் அந்தப் பேர்.

"சார், மூட்டை தூக்கினா பசிக்குதே, அது என்ன கணக்கு?"

"அதுவும் தூண்டுதல்தான்."

"அப்ப மூட்டைய எடுத்துருங்க சார். பசி தன்னால போயிரும்."

கேன்டீனே சிரித்தது. "எதிர்ப்பு மனநிலை, ஆரம்பத்தில் இயல்பு" என்று டாக்டர் எழுதிக்கொண்டார்.

மறுவாரமே தட்டுகள் உள்ளங்கை அளவுக்குச் சுருங்கின. சின்னத் தட்டில் கொஞ்சம் வைத்தாலும் கண்ணுக்கு நிறையத் தெரியுமாம். பழைய பல்புகளைக் கழற்றிவிட்டு நீல பல்பு போட்டார்கள். நீல வெளிச்சத்தில் எதைப் பார்த்தாலும் தின்னத் தோன்றாதாம். உருளைக்கிழங்கைப் பார்த்தால் குளத்தில் மிதந்து வந்ததுபோல இருந்தது. சாப்பாட்டு மணி தூண்டுதல் என்பதால் மணி நின்றது. வாசனையை மோந்து ஆட்கள் வர ஆரம்பித்ததும், சமையலறை வாசனையைத் தெருவுக்குத் தள்ளப் பெரிய காற்றாடி ஒன்று மாட்டினார்கள். மூன்றாம் நாள் தெருநாய்கள் எல்லாம் கேன்டீன் சுவரோரம் வரிசையாக உட்கார்ந்து எச்சில் விட்டன. டாக்டர் மேனேஜரை அழைத்துவந்து காட்டினார். "பார்த்தீர்களா, நம்முடைய கோட்பாடு கண்ணெதிரே நிரூபணமாகிறது."

வெகுமதியும் அறிவித்தார்கள். உடம்பில் ஒரு கிலோ குறைந்தால் கம்பெனிக் கடனில் இரண்டாயிரம் குறையும். கடன் இல்லாதவர்களுக்கு அலாரக் கடிகாரம். எல்லோரிலும் அதிகம் குறைகிறவருக்கு 'பசியை வென்ற நாயகர்' என்று பட்டமும், மிச்சக் கடன் முழுவதும் தள்ளுபடியும்.

மாதக் கடைசியில் மருத்துவ அறையில் எடை பார்த்தால், எல்லோரும் ஏறியிருந்தார்கள்.

காரணம் சிக்கலானதல்ல. கேன்டீனில் வயிறு நிறையாதவர்கள் வாசலில் இருந்த கடைக்குப் போய்க் கம்பெனி பிஸ்கட்டையே வாங்கித் தின்றார்கள். பொட்டலம் சரசரத்தது. பரிசுச் சீட்டு எதில் இருக்கிறது என்று தெரியவில்லை. கை நிற்கவில்லை. மேல்மாடியில் சொல்லிக்கொடுத்த பாடம் கீழ்மாடிப் பாடத்தைத் தோற்கடித்துவிட்டது. இதை யாரும் டாக்டரிடம் சொல்லவில்லை. சொன்னாலும் அவர் இரண்டு வெற்றி என்றுதான் எழுதியிருப்பார்.

ஒரே ஒருவன் மட்டும் நாலு கிலோ இறங்கியிருந்தான்.

டாக்டர் தன்னுடைய அறையில் யானையை உட்காரவைத்து, டீ வரவழைத்து, அது தூண்டுதல் என்பது நினைவுக்கு வந்து திருப்பி அனுப்பினார்.

"சாப்பாட்டப் பாத்ததும் உங்களுக்கு என்ன தோணுது?"

"ஒண்ணும் தோணல சார்."

"அபாரம்! வாசனை?"

"தெரியல சார்."

"ருசி?"

"சாக்கு மென்ன மாதிரி இருக்கு."

டாக்டருக்கு எழுதி மாளவில்லை. "இந்த நிலைமைக்கு வர ஞானிங்களுக்கே வருஷக்கணக்கா ஆகும். நீங்க எப்படி வந்தீங்க? சமீபத்துல உங்க வாழ்க்கைல, சுற்றுப்புறத்துல, ஏதாவது மாறுச்சா? எவ்வளவு சின்ன விஷயமா இருந்தாலும் பரவாயில்ல. சொல்லுங்க."

யானை தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"என் வீட்டுக்காரி செத்துப்போனா சார்."

டாக்டரின் பேனா நின்றது. பிறகு பக்கத்தில் இருந்த உதவியாளரிடம் மெதுவாகச் சொன்னார்: "குறிச்சுக்கோங்க. ஆனா இந்தக் கட்டத்துல அத நாம எல்லாருக்கும் செயல்படுத்த முடியாது. மத்ததையெல்லாம் செய்யலாம்."

மற்றதையெல்லாம் செய்தார்கள்.

டாக்டருக்கு இப்போதே யானைதான் நாயகர். நாயகர் தனியாகச் சாப்பிடுகிறார். நீள மேசைகளை அறுத்து ஆளுக்கொரு துண்டாக்கினார்கள். நாயகர் சுவரைப் பார்த்து உட்காருகிறார். நாற்காலிகளை எல்லாம் சுவர்ப் பக்கம் திருப்பித் தரையோடு ஆணி அடித்தார்கள். நாலு சுவர் போதாததால் நடுவில் பலகை நிறுத்திப் புதுச் சுவர்கள் செய்தார்கள். நாயகர் சாப்பிடும்போது பேசுவதில்லை. பேசினால் சலுகையில் வெட்டு. நாயகர் அடிக்கடி சாப்பாட்டை நிறுத்திவிட்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருக்கிறார். அதற்கும் ஒரு விசில் வைத்தார்கள். விசில் ஊதினால் எல்லோரும் கையை எடுத்துவிட்டு மறு விசில்வரை சுவரைப் பார்க்க வேண்டும்.

ஒரு மத்தியானம் யானை தட்டோடு உள்ளே வந்து நின்றான். நீல வெளிச்சம். இத்தனை ஆட்கள் இருந்தும் சத்தமே இல்லை. எங்கே பார்த்தாலும் முதுகு. ஒவ்வொரு முதுகும் தன்னுடையதுபோலவே கூனிக்கொண்டு, எதையோ தொலைத்ததுபோல மென்றுகொண்டிருந்தது.

கை கழுவுகிற இடத்தில் ரேடியோ வந்து பக்கத்தில் நின்றான். கண் சிவந்திருந்தது.

"மச்சான், பேசாம தின்னா எனக்கு இறங்கவே மாட்டேங்குதுடா. இன்னிக்கு எங்கப்பா ஞாபகம் வந்துருச்சு. அவரு போயி எத்தன வருஷமாச்சு!" குழாயை மூடிவிட்டுத் தணிந்த குரலில் சொன்னான்: "உன் துக்கத்த எடுத்து எங்களுக்கெல்லாம் கரண்டி கரண்டியாப் பரிமாறிட்டாங்கடா. நீ தனியா எப்படிடா இத்தன நாளும் தின்ன?"

யானை ஈரக் கையை ரேடியோவின் தோளில் வைத்துவிட்டுப் போனான்.

அந்தச் சம்பள நாளில் கேஷியர் உற்சாகமாக இருந்தான்.

"வீட்டம்மா வைத்தியக் கணக்கு, ஆயிரத்தி இருநூறு பிடிச்சிருக்கு. அப்புறம் எடைச் சலுகை எட்டாயிரம் கழிச்சிருக்குண்ணே. அமோகம்!"

"அந்த எட்டாயிரத்த யாரு கட்டினா?"

"நீங்கதாண்ணே. உங்க உடம்பு கட்டியிருக்கு."

"நான் கட்டல தம்பி. அத எழுதாத."

"என்னண்ணே, சும்மா வர்ற காசு..."

"சும்மா வரல. அவ செத்ததால எனக்குச் சோறு இறங்கல. அதுக்குக் காசு வாங்கினா, அவ செத்ததுக்குக் காசு வாங்கின மாதிரி." யானையின் குரல் உயரவில்லை. "நான் தூக்கிக் கட்டுறவன். மெலிஞ்சு கட்டமாட்டேன்."

கேஷியர் மேலே கையைக் காட்டினான். யானை மேல்மாடிக்கு டாக்டரிடம் போனான். பட்டியலிலிருந்து பேரை எடுத்துவிடும்படி கேட்டான். டாக்டர் எழுந்து வந்து அவனுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "வெற்றியைக் கண்டு வர்ற பயம் இது. பெரிய நாயகர்கள் எல்லாருக்கும் வரும். நாங்க உங்களக் கைவிடமாட்டோம்." அடுத்த மாத எடை போன மாதத்தைவிட ஒரு துளி கூடினாலும் பட்டம் கிடையாது, தள்ளுபடி கிடையாது, கொடுத்த சலுகையும் ரத்து என்று விதிகளை வாசித்துக் காட்டினார். பயமுறுத்தினால் ஊக்கம் பெருகும் என்பது அவர் படித்தது.

யானைக்கு அது வழி காட்டியது. தின்றால் போதும். எடை கூடினால் கடன் திரும்பிவிடும், ஒருவேளை நாற்காலிகளும் திரும்பிவிடும்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மகளிடம் சொன்னான்: "நிறையச் சமை. நான் தின்னணும்."

அவள் நம்பாமல் பார்த்துவிட்டு உருளைக்கிழங்கும் முட்டையும் பருப்பும் வேகவைத்தாள். சட்டியை அப்படியே கொண்டுவந்து வைத்தாள். யானை சம்மணம் போட்டு உட்கார்ந்தான். லாரியடியில் மூட்டைக்குக் குனிவதுபோல மூச்சை இழுத்துக்கொண்டு முதல் வாயை வைத்தான். மென்றான். மென்றுகொண்டே இருந்தான்.

"இறங்கலயாப்பா?"

"ஏதாவது பேசும்மா."

"என்ன பேச?"

"எதையாவது. எங்கயும் நிறுத்தாம."

மகள் விழித்தாள். பிறகு கடைக்கு வந்த ஒரு கிழவரைப் பற்றி ஆரம்பித்தாள். ரத்த அழுத்த மாத்திரை போன தடவை ரோஸ், இந்தத் தடவை வெள்ளை, ரோஸ்தான் எனக்குக் கேட்கும் என்று கவுன்டரில் உட்கார்ந்துகொண்டாராம். "கடைசில எங்க ஓனரு, தாத்தா, ராத்திரி வெளக்க அணைச்சுட்டுப் போடுங்க, எல்லாம் ஒரே கலருதான்னாரு. அதுக்கு அவரு சொல்றாருப்பா, என் பொண்டாட்டி வெளக்க அணைக்க விடமாட்டா, அவளுக்கு இருட்டுன்னா பயம்னு. பாத்தா அந்தப் பாட்டி வெளிய வெயில்ல நின்னு ஐஸ் தின்னுட்டு இருக்கு."

யானைக்குச் சிரிப்பு வந்தது. சிரித்த வாயோடு விழுங்கினான். இறங்கியது. அடுத்த வாயும் இறங்கியது. மகள் பேசிக்கொண்டே தட்டில் போட்டாள், போட்டுக்கொண்டே பேசினாள், பாதிக் கதையில் அவள் குரல் உடைந்தது. "அம்மா இருந்தா இதக் கேட்டு அந்தப் பாட்டி வீட்டையே கண்டுபிடிச்சிருக்கும்" என்றாள். இரண்டு பேரும் அழுதார்கள். அழுதுகொண்டே அவன் சட்டியைக் காலி பண்ணினான். அன்றிலிருந்து வீட்டில் மழையையும் பஸ்ஸையும் விட்டுவிட்டார்கள்.

விழா நாள் வந்தது. கேன்டீன் சுவர் முழுக்க யானையின் படம். கன்னம் ஒட்டிய படம். கீழே, 'இவரால் முடிந்தது, உங்களால் முடியாதா?' மருத்துவ அறைத் தராசு சின்னது, பின்வரிசைக்குத் தெரியாது என்பதால், மாவு நிறுக்கிற, வட்ட முகப்பில் முள் ஓடும் பெரிய தராசைக் கூட்ட அரங்கின் மேடையில் ஏற்றியிருந்தார்கள். தராசோடு அதன் எடைக்காரரையும் ஏற்றினார்கள்.

மேனேஜர் பேசினார்: "இந்தத் திட்டத்துக்குப் பின் கேன்டீன் செலவு பாதியாகக் குறைந்துள்ளது. இன்று நாம் தள்ளுபடி செய்யும் கடனெல்லாம் மிச்சமான சாப்பாட்டிலிருந்து எப்போதோ வந்துவிட்டது. நேற்று நானே கேன்டீனுக்குப் போய், ஏதாவது குறை உண்டா என்று கேட்டேன். ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஒருவரும் வாய் திறக்கவில்லை. இப்படி ஒரு மனநிறைவை என் பணிக்காலத்தில் நான் கண்டதில்லை."

கைதட்டல். யானை தராசில் ஏறினான். நிம்மதியாக இருந்தான். அரை கிலோவாவது ஏறியிருக்கும் என்று அவனுக்குத் தெரியும்.

எடைக்காரர் காலமெல்லாம் அந்தத் தராசில் மாவுதான் நிறுத்திருக்கிறார். அவருக்கு ஒரே விதம்தான் தெரியும். முள்ளைப் பார்த்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, உரக்கக் கூவினார்:

"எழுபத்தொண்ணு எழுநூறு! சாக்கு ஒரு கிலோ போக, எழுபது எழுநூறு!"

போன மாதம் எழுபத்தொன்று. டாக்டர் துள்ளி எழுந்தார். "மேலும் குறைந்திருக்கிறார்!"

"சார், நான் சாக்குல இல்லையே" என்றான் யானை.

அரங்கம் குலுங்கிச் சிரித்தது. மேனேஜர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நாயகருக்கு நகைச்சுவையும் வருகிறது" என்றார்.

"இல்ல சார், நெசமாத்தான். நான் நல்லா சாப்பிட்டேன். கூடித்தான் இருக்கேன். திருப்பி நிறுங்க."

"தன்னடக்கம்!" என்றார் டாக்டர். ஒலிபெருக்கியை அவன் வாயருகே கொண்டுவந்தார். "இந்தச் சாதனைக்கு யார் காரணம்? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள்."

யானை அந்தக் கூட்டத்தைப் பார்த்தான். ரேடியோ முதல் வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தான்.

"என் வீட்டுக்காரி..." என்றான். அதற்கு மேல் வரவில்லை.

"குடும்பத்தின் ஒத்துழைப்பு!" என்று டாக்டர் ஒலிபெருக்கியைத் திருப்பிக்கொண்டார். அன்றைக்கு விழுந்ததிலேயே பெரிய கைதட்டல் அதற்குத்தான். கடன் தள்ளுபடி உத்தரவைப் பூமாலையோடு சேர்த்துக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள். திட்டத்தை மற்ற தொழிற்சாலைகளுக்கும் கொண்டுபோகப் போவதாக அறிவித்தார்கள்.

மேடையிலிருந்து இறங்கி நேராகச் சம்பள ஜன்னலுக்குப் போனான். சட்டைப்பையில் ஆயிரத்து இருநூறு மடித்து வைத்திருந்தான். ஜன்னல் கம்பிக்குள் நீட்டினான்.

"இந்த மாசத்துக்குப் பிடிச்சுக்க தம்பி."

கேஷியர் பணத்தைத் தொடவில்லை. "கணக்கே இல்லண்ணே. எதுல வரவு வைக்கிறது?"

"அவ பேர்ல வை."

"அவங்க கணக்கத்தான் மூடியாச்சே. இனி வாங்கினா எனக்குத்தான் வேலை போகும்."

"திரும்பத் தொறக்க முடியாதா? கொஞ்சமா. ஆயிரமாவது."

"முடியாதுண்ணே."

பின்னால் ஆட்கள் சேர ஆரம்பித்தார்கள். அலாரக் கடிகாரம் வாங்க வந்தவர்கள். "யானையண்ணே, நகருங்க, கடனே போயிருச்சு, இன்னும் என்ன?" என்று யாரோ சிரித்தான். யானை நகரவில்லை. கழுத்து மாலையிலிருந்து ஒரு பூ உதிர்ந்து ஜன்னல் மேடையில் விழுந்தது.

"தம்பி, பணம் வேண்டாம். மாசாமாசம் சொல்லுவியே, அத மட்டும் ஒருக்காச் சொல்லு."

கேஷியர் அவனைப் பார்த்தான். எழுந்து நின்றான். எப்போதும் சத்தமாகச் சொல்லுகிறவன், இந்தத் தடவை கம்பிக்குப் பக்கத்தில் வந்து, அவன் ஒருவனுக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னான்.

"வீட்டம்மா வைத்தியக் கணக்கு... பாக்கி ஒண்ணும் இல்லண்ணே."

யானை தலையை ஆட்டினான். பணத்தை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த ஆளுக்கு இடம் விட்டான்.